கிராமி விருதும் நம்மவர் வெற்றிகளும்: எந்தப் பிரிவில், யாருக்கு, எதற்காக?

வடவாறு

2025 பிப்ரவரி 2 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த 67ஆவது கிராமி விருது விழாவில் ‘திரிவேணி’ என்ற மந்திர இசை ஆல்பம் வென்றிருக்கிறது. சென்னையில் பிறந்து நியூயார்க்கில் வாழும் சந்திரிகா டாண்டன், தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் வூட்டர் கெல்லர்மன், ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த செல்லோ கலைஞர் எரு மாட்சுமோட்டோ ஆகிய மூவரும் சேர்ந்து வெளியிட்ட ஆல்பம் அது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், இந்திரா நூயியின் அக்கா, நிர்வாக ஆலோசனைத் துறையில் பெயர் பெற்றவர் என்று டாண்டனைப் பற்றிய குறிப்புகள் எல்லா நாளிதழ்களிலும் வந்துவிட்டன. ஆனால் அவர் எந்தப் பிரிவில் வென்றார், யாருடன் போட்டியிட்டு வென்றார் என்பதைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

அது நியூ ஏஜ் (மன அமைதிக்கான மென்னிசை), ஆம்பியன்ட் (சூழலோடு கரையும் பின்னணி இசை), மந்திர இசை ஆகியவற்றுக்கான பிரிவு. இறுதிச் சுற்றிலிருந்த ஐந்து ஆல்பங்களில் நான்கு இந்தியாவில் பிறந்தவர்களோ இந்திய வம்சாவளியினரோ உருவாக்கியவை. டாண்டனின் ஆல்பத்தைத் தவிர, பெங்களூரு ரிக்கி கேஜ், அனுஷ்கா சங்கர், ராதிகா வெகாரியா ஆகியோரின் ஆல்பங்கள் அங்கே இருந்தன. ஐந்தாவது, மறைந்த ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவுடையது. ஒரு பிரிவின் இறுதிப் பட்டியலே ஏறக்குறைய இந்தியப் பெயர்களால் நிரம்பியிருப்பதும், அதே விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த பதிவு, சிறந்த பாடல் ஆகியவற்றுக்கான பட்டியல்களில் இந்திய இசைப் படைப்பு ஒன்றுகூட இல்லாததும் ஒருசேர நடந்திருக்கின்றன. இதை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? கிராமி முறையை அறிந்தவர்கள் இந்த இழையில் விளக்க வேண்டுகிறேன்.

நடுநிசி நேயர்

முதலில் வாழ்த்துவோம், ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்வோம். பெரும்பாலான விருதுகள் முதன்மை விழாவுக்கு முன்பாக, பிற்பகலில் பீக்காக் அரங்கில் வழங்கப்படுகின்றன. அது நமக்குத் திங்கள்கிழமை அதிகாலை இரண்டு மணி. சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் அந்த இணைய ஒளிபரப்பை விழித்திருந்து பார்த்தவன் நான். 2024இல், இந்திய இசையையும் ஜாஸையும் இணைக்கும் சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ சிறந்த உலகளாவிய இசை ஆல்பமாக அறிவிக்கப்பட்டதும் சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ், தபலா ஜாகிர் உசேன் ஆகியோர் மேடையேறியதைக் கண்டபோது வீட்டிலிருந்த அனைவரையும் எழுப்பிவிட்டேன். அன்று ஒரே நாளில் ஜாகிர் உசேன் மூன்று விருதுகளையும், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியா இரண்டு விருதுகளையும் பெற்றார்கள். இதில் சிறிய பிரிவு, பெரிய பிரிவு என்று தராசு பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. உலகம் நம் இசையை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

கோவை வாசகி

நடுநிசி நேயர் அண்ணா, ‘உலகம்’ ஏற்றுக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குத் தயக்கம். கிராமி என்பது அமெரிக்க ஒலிப்பதிவுத் துறையினர் தம் துறைக்குள் தாமே வாக்களித்துக் கொடுத்துக்கொள்ளும் விருது. 1959 மே மாதம் முதல் விழா நடந்தபோது 28 பிரிவுகள் இருந்தன. 2025 விழாவில் 94 இருந்தன. ‘உலக இசை’ என்ற பிரிவு 1992 விழாவில்தான் முதன்முதலாக வந்தது. 2004 முதல் அதை மரபு, சமகாலம் என்று இரண்டாகப் பிரித்தார்கள், 2012இல் மீண்டும் ஒன்றாக்கினார்கள், 2020இல் ‘உலகளாவிய இசை’ என்று பெயரை மாற்றினார்கள். அமெரிக்கா நீங்கலாகப் பூமியில் உள்ள இசை முழுவதையும் ஓரிரு பிரிவுகளில் அடைத்துவிட்டு, அங்கே பரிசு கொடுப்பதை உலகத்தின் ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கலைஞர்களே இந்த விருதின் நடுநிலையைப் பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்டுவருகிறார்கள். இந்த ஆண்டு ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பத்துக்காக பியான்சே ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை முதன்முறையாகப் பெற்றிருக்கிறார். இதற்கு முன் அதே விருதுக்கு அவருடைய நான்கு ஆல்பங்கள் பரிந்துரைக்கப்பட்டு நான்கும் தோற்றன. 2015இல் பெக், 2017இல் அடெல், 2023இல் ஹாரி ஸ்டைல்ஸ் வென்றார்கள். 2023இலேயே ஜார்ஜ் சோல்டி என்ற இசை நடத்துநரின் 31 விருதுச் சாதனையைக் கடந்துவிட்டவருக்கு, தலையாய விருது மட்டும் 2025 வரை கிடைக்கவில்லை. பிரிவுக்குள் தாராளமாகக் கொடுப்பதும், நடுக்கூடத்தில் கதவடைப்பதும் அந்த அமைப்புக்குப் பழக்கமானவை என்பதே என் கருத்து.

ஒலிமேசை

சென்னையில் ஒலிக்கலவைப் பணி செய்பவன் என்ற முறையில், வடவாறு ஐயா கேட்டதற்கு முறைப்படி பதில் எழுத முயல்கிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

கிராமி அமைப்பு யாரையும் தேடிக் கண்டுபிடித்து விருது கொடுப்பதில்லை. ஒரு பதிவு அந்த ஆண்டுக்குரிய காலத்துக்குள் அமெரிக்காவில் வணிக முறையில் வெளியாகியிருக்க வேண்டும். பிறகு, விருதை நடத்தும் ரெக்கார்டிங் அகாதெமியின் உறுப்பினரோ, அங்கே பதிவுசெய்துகொண்ட இசை நிறுவனமோ அதைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். 2025 விழாவுக்கான காலம் 2023 செப்டம்பர் 16 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை. அனுப்பப்பட்ட பதிவுகளைத் துறை வல்லுநர் குழுக்கள் கேட்டு, அவை எந்தப் பிரிவுக்குரியவை என்று மட்டும் முடிவு செய்கின்றன. தரத்தைப் பற்றி அவை தீர்ப்புச் சொல்வதில்லை. முதல் சுற்று வாக்கெடுப்பில் பரிந்துரைப் பட்டியல் உருவாகிறது. பொதுப் பிரிவுகளில் (ஆண்டின் சிறந்த ஆல்பம், பதிவு, பாடல் போன்றவை) எட்டுப் பெயர்களும், மற்றவற்றில் பெரும்பாலும் ஐந்து பெயர்களும் தேறும். இறுதிச் சுற்றில் வெற்றியாளர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வாக்குகளை டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் எண்ணுகிறது.

வாக்களிப்பவர்கள் பாடகர், இசைஞர், பாடலாசிரியர், தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர் போன்றோர். ரசிகர் வாக்குக்கோ விற்பனை எண்ணிக்கைக்கோ இதில் இடமில்லை. ஓர் உறுப்பினர் ஆறு பொதுப் பிரிவுகளிலும் வாக்களிக்கலாம். அவற்றைத் தவிர, மூன்று துறைகளுக்கு மிகாமல் பத்துப் பிரிவுகளில் மட்டுமே வாக்களிக்கலாம். வடவாறு ஐயா கண்ட புதிருக்கு என் கணிப்பில் விடை இந்த வரம்பில் இருக்கிறது. நியூ ஏஜ் பிரிவில் வாக்களிப்பவர் பெரும்பாலும் அந்த இசையோடு தொடர்புடையவராக இருப்பார். தியானம், யோகம், மந்திரம் என்று அமெரிக்காவில் வளர்ந்திருக்கும் இசை வட்டத்தில் இந்தியப் பெயர்களுக்கு நெடுநாள் அறிமுகம் உண்டு. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு வாக்களிப்பவர்களோ நாட்டுப்புற இசைஞர் முதல் ராப் பாடகர் வரை எல்லோரும். அவர்கள் அனைவரும் கேட்டிருக்கக்கூடிய ஆல்பம் எது என்பதே அங்கே பாதி வெற்றியைத் தீர்மானித்துவிடுகிறது.

இங்கே நடக்கும் ஒரு குளறுபடியையும் சொல்லியாக வேண்டும். முதல் சுற்று வாக்குப் பட்டியலில் பெயர் வருவது, உரிய காலத்தில் சரியாக அனுப்பிய அனைவருக்கும் கிடைப்பது. அதைப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லிக்கொள்வார்கள். என்னிடம் ஆல்பம் கலந்த ஒரு குழுவினர், அந்தப் பட்டியலைத் திரைப்பிடிப்பு எடுத்து, தங்க கிராமபோன் படத்தோடு ‘கிராமிக்குத் தேர்வு’ என்று சுவரொட்டி அடித்துவிட்டார்கள். உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் அதைப் பரிந்துரை என்றே எழுதினார். இறுதிப் பட்டியலில் இடம்பெறுவது மட்டுமே பரிந்துரை.

அடுத்தது, யாருக்கு விருது என்ற கேள்வி. சிறந்த பதிவுக்கான விருது பாடியவர், தயாரிப்பாளர், பொறியாளர்கள் ஆகியோருக்கு உரியது. சிறந்த பாடலுக்கான விருது எழுதி மெட்டமைத்தவர்களுக்கு உரியது. 2010 ஜனவரி 31 விழாவில் ஏ. ஆர். ரகுமான் இரண்டு விருதுகள் பெற்றதை எல்லோரும் அறிவோம். அவற்றில் ‘ஜெய் ஹோ’வுக்குக் கிடைத்தது, திரைப்படத்துக்காக எழுதப்பட்ட பாடலுக்கான விருது. ஆகவே அது ரகுமான், குல்சார் ஆகியோரோடு, அதன் ஸ்பானிய வரிகளை எழுதிய சென்னைப் பாடகி தன்வி ஷாவுக்கும் உரியதாயிற்று. பாடிய சுக்விந்தர் சிங்குக்கு அதில் பங்கில்லை. முந்தைய ஆண்டு ஆஸ்கர் மேடையில் அதே பாடலுக்கு ரகுமான், குல்சார் பெயர்கள் மட்டுமே இருந்தன. இதுபோலவே ரிக்கி கேஜும் ஸ்டூவர்ட் கோப்லண்டும் உருவாக்கிய ‘டிவைன் டைட்ஸ்’ 2022இல் நியூ ஏஜ் ஆல்பமாகவும், 2023இல் சூழொலி (கேட்பவரைச் சுற்றி ஒலிக்கும்படி கலந்த வடிவம்) ஆல்பமாகவும் வென்றது. ஒரே ஆல்பம் இரண்டு ஆண்டுகள் எப்படி வெல்லும் என்று அப்போது பலர் கேட்டார்கள். இரண்டாவது விருது, அதன் சூழொலி வடிவத்தைக் கலந்த பொறியாளருக்கும் அவ்வடிவத்தின் தயாரிப்பாளர்களுக்கும் உரியது. என் தொழில்காரர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி என்றாலும், செய்தித்தாள்களில் ‘மூன்றாவது கிராமி’ என்ற எண் மட்டுமே நின்றது.

கஞ்சிராக்காரன்

ஒலிமேசை எழுதியதை ஒட்டி, தாளவாத்தியம் பயில்பவனாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

தமிழ்நாட்டுக்கும் கிராமிக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது ரகுமானோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு முன்பே, உலக இசைப் பிரிவு தொடங்கிய 1992 விழாவில் வென்ற ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்திருக்கிறார். நைஜீரியாவின் பாபதுண்டே ஒலதுன்ஜி, பிரேசிலின் ஐர்டோ மொரைரா, ஜாகிர் உசேன் என்று தாளக் கலைஞர்கள் கூடிச் செய்த ஆல்பம் அது. ஆனால் விருதுப் பட்டியலில் அந்த ஆல்பத்துக்கு நேராக இருப்பது அமெரிக்க டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட் என்ற ஒரே பெயர். 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தபோது பல நாளிதழ்கள் அவருக்கு நான்கு கிராமி என்றும், சில ஐந்து என்றும் எழுதியதற்கு இதுதான் காரணம். 2009இல் ஒன்று, 2024இல் மூன்று என்று அவர் பெயரில் உள்ளவை நான்கு. ‘பிளானட் டிரம்’மையும் சேர்த்தால் ஐந்து.

32 ஆண்டுகள் கழித்து விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வென்றபோது, குழுவின் உறுப்பினர் என்ற முறையில் அவர் பெயரும் விருதில் இடம்பெற்றது. இந்தக் குடும்பத்தின் கதையை நம் சபா வழக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். கடமும் கஞ்சிராவும் நமக்கு உபபக்கவாத்தியங்கள். கச்சேரி அழைப்பிதழில் பாடகர், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்குப் பின்னால் கடைசி வரியில் அவை வரும். செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் வெட்டப்படும் பெயரும் அதுதான். தாளவாத்தியங்களுக்கென்று ஒதுக்கும் தனி ஆவர்த்தனம் பத்து நிமிடமாகச் சுருங்கும் நாளில் கஞ்சிராவுக்கு இரண்டு சுற்று கிடைத்தால் பெரிது. அப்படிப்பட்ட இரண்டு வாத்தியங்கள்தான் தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பிரிவின் முதல் வெற்றி ஆல்பத்திலும் 2024இன் வெற்றி ஆல்பத்திலும் ஒலித்திருக்கின்றன.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1973இல் ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் சக்தியைத் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தக் குழுவில் பாடகருக்குப் பின்னால் பக்கவாத்தியம் என்ற அடுக்கு இல்லை. கிதார், எல். சங்கரின் வயலின், தபலா, கடம் ஆகிய நான்கும் ஒரே வரிசையில் அமர்ந்தன. மானாமதுரைக் கடத்தை வயிற்றோடு அணைத்து, வாயைத் திறந்து மூடி அடித்தொனியை வரவழைக்கும்போது அது அந்த இசையில் பேஸ் கிதாரின் வேலையைச் செய்தது. கஞ்சிராவும் அப்படித்தான். வாசிப்பதற்கு முன் தோலின் உட்புறம் விரலால் நீர் தொட்டுத் தடவிச் சுருதியை இறக்க வேண்டும். சற்றுக் கூடினால் தோல் தொய்ந்து செத்த ஓசை வரும், விளக்கு வெப்பத்தில் காய்ந்தால் கீச்சென்று ஏறிவிடும். ஒரு கையே சட்டத்தைப் பிடித்தபடி தோலின் ஓரத்தை அழுத்தித் தளர்த்தி நாதத்தை வளைக்க வேண்டும், மறு கை சொற்களை வாசிக்க வேண்டும். பின்வரிசையில், பொது ஒலிவாங்கியில் பாதி கேட்காமல் போகும் இந்த நுணுக்கங்கள், அருகில் வைத்த ஒலிவாங்கியோடு தனித் தடத்தில் பதிவாகும்போது தெளிவாகக் கேட்கின்றன. சக்தி பதிவுகளில் கேட்பது அதைத்தான். 1977க்குப் பிறகு அந்தக் குழு வெளியிட்ட முதல் ஸ்டுடியோ ஆல்பம் ‘திஸ் மொமென்ட்’ என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுநிசி நேயர்

கஞ்சிராக்காரர் எழுதியதைப் படித்தபின் அந்த ஆல்பத்தை மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நன்றி. ஆனாலும் என் மனக்குறை வேறு. இத்தனை ஆயிரம் பாடல்களுக்கு இசையமைத்த இளையராஜாவுக்கு ஒரு கிராமிகூட இல்லை என்பதைக் கேட்டால் வெளிநாட்டு நண்பர்களே வியக்கிறார்கள். அவர் மேலைக் கலைஞர் எவருடனும் இணைப்பெயரில் ஆல்பம் செய்யவில்லை என்பதால்தானே இந்த நிலை? சிதார் ரவிசங்கருக்கு வயலின் மேதை யெஹுதி மெனுஹின், மோகன வீணை விஸ்வமோகன் பட்டுக்கு அமெரிக்க கிதார் கலைஞர் ரை கூடர், ரிக்கி கேஜுக்குக் கெல்லர்மனும் கோப்லண்டும், சக்திக்கு மெக்லாஃப்லின், இப்போது டாண்டனுக்கும் அதே கெல்லர்மன். அங்கே ஒரு தோள் இல்லாமல் நம்மவர் எவரும் ஏற முடியாது போலிருக்கிறது.

வடவாறு

நண்பர் சுட்டிய வரிசை உண்மைதான், ஆனால் அது முழுப்படம் இல்லை. ரவிசங்கர் 1968இல் மெனுஹினோடு சேம்பர் இசை (சிறு குழுவாக வாசிப்பது) பிரிவில் வென்றார்; 1973இல் ஆண்டின் சிறந்த ஆல்பமாக ‘கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்’ வென்றபோது அந்த விருதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் 2002இல் அவர் பெற்ற விருது, நியூயார்க் கார்னகி அரங்கில் தபலாவும் அனுஷ்காவின் சிதாரும் துணைநிற்க அவர் வாசித்த கச்சேரிப் பதிவுக்கு. 2013இல் மறைவுக்குப் பின் கிடைத்தது, கலிபோர்னியாவில் தம் வீட்டுக் கூடத்தில் தபலாவோடு உட்கார்ந்து வாசித்த பதிவுக்கு. இரண்டிலும் மேலைக் கலைஞரின் தோள் இல்லை, கலப்பிசையும் இல்லை. ஆலாபனையும், தாளத்தோடு வாசிக்கும் ‘கத்’ என்ற பகுதியுமாகச் சுத்தமான இந்துஸ்தானி. ஆனால் அதற்குள் அவர் அமெரிக்காவில் அரை நூற்றாண்டு வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்தும் முடித்திருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். வாக்களிப்பவர்களுக்கு அவர் வெளிநாட்டுக் கலைஞராகத் தெரிந்திருக்க மாட்டார்.

அந்த 2013 விழாவில் தந்தையும் மகளும் ஒரே பிரிவில் போட்டியில் இருந்தார்கள், தந்தை வென்றார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2003 விழாவில், ரவிசங்கரின் ஒரு மகள் நோரா ஜோன்ஸ் ஐந்து விருதுகளை அள்ளியபோது, இன்னொரு மகள் அனுஷ்கா உலக இசைப் பிரிவில் முதன்முறை பரிந்துரைக்கப்பட்டு ரூபன் பிளேட்ஸிடம் தோற்றார். பத்துக்கும் மேற்பட்ட பரிந்துரைகளுக்குப் பிறகும் 2025 விழா வரை அனுஷ்காவுக்கு விருது கிட்டவில்லை. ஒரே தந்தைக்குப் பிறந்த இருவரில் ஒருவர் ஆங்கிலத்தில் பாடிப் பொதுப் பிரிவில் நின்றார், மற்றவர் சிதாரோடு ஓரப் பிரிவில் நின்றார் என்பதைவிடத் தெளிவாக அந்த அமைப்பின் உள்ளமைப்பை யாரும் வரைந்து காட்ட முடியாது.

தோள் என்று சொன்னதால் இன்னொரு தகவல். 1994இல் வென்ற கூடர், பட் ஆல்பத்தைப் பதிவுசெய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். சாண்டா பார்பராவில் வாட்டர் லிலி என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர் அவர். முன்பின் பழகாத இரண்டு கலைஞர்களை ஒரு தேவாலயத்தில் சந்திக்கவைத்து, ஒத்திகையின்றி, வால்வுக் கருவிகளோடு அனலாக் நாடாவில் நேரடியாகப் பதிந்தார். அங்கே பாலமாக நின்றவர் அவர்தான். நாம் அந்த விருதை மீண்டும் மீண்டும் பேசுகிறோம், அவர் பெயரை எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

கோவை வாசகி

வடவாறு ஐயாவின் பதிவுக்கு நன்றி. ஆனால் ‘வெளிநாட்டுக் கலைஞராகத் தெரிந்திருக்க மாட்டார்’ என்ற வரிக்கு எதிராக இந்த ஆண்டு விழாவே சாட்சி சொல்கிறது. ஜாகிர் உசேன் கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தவர், போன ஆண்டு அதே விழாவில் மூன்று விருதுகள் வாங்கியவர். மறைந்த கலைஞர்களுக்கு அஞ்சலி செலுத்தும் தொலைக்காட்சிப் பகுதியில் அவர் பெயர் வரவில்லை. நேரம் போதாமல் பெயர்கள் விடுபடுவது ஆண்டுதோறும் நடப்பதுதான் என்று அவர்கள் தரப்பில் சொல்லலாம். ஆயினும் முந்தைய ஆண்டின் மும்முறை வெற்றியாளரையே மறக்க முடிகிறது என்றால், பிற்பகல் அரங்கில் வழங்கப்படும் விருதுக்கும் மாலை அரங்கின் நினைவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது விளங்கிவிடும்.

கஞ்சிராக்காரர் சொன்னதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அதன் முடிவு கிராமியின் பெருமையாக இருக்க வேண்டியதில்லை. கஞ்சிராவை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது மெக்லாஃப்லினும் அந்தக் கலைஞர்களும் அரை நூற்றாண்டு செய்த உழைப்பு. விருது கடைசியில் வந்து சேர்ந்தது. சென்னை சபாக்களில் இன்றும் அழைப்பிதழின் கடைசி வரி மாறவில்லை என்பது நம் பொறுப்பு. அதை மாற்ற யாருடைய வாக்கெடுப்பும் தேவையில்லை.

கஞ்சிராக்காரன்

அம்மா, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடைமுறையில் விருதுக்கு ஒரு விளைவு உண்டு. 2024 பிப்ரவரிக்குப் பிறகு, நான் பயிலும் வகுப்பில் கஞ்சிரா கற்க வந்து சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் சக்தியின் பெயரைச் சொல்லித்தான் வருகிறார்கள். அவர்களுக்கு நியூ ஏஜ் எது, உலகளாவிய இசை எது என்பதெல்லாம் தேவைப்படவில்லை. தங்க கிராமபோனோடு செல்வகணேஷ் நிற்கும் படம் போதுமானதாக இருந்திருக்கிறது. (மேடையில் கொடுக்கப்படுவது படத்துக்காக வைத்திருக்கும் கோப்பை மட்டுமே என்றும், பெயர் பொறித்த உண்மையான கோப்பை பின்னரே அனுப்பிவைக்கப்படும் என்றும் அவர்களிடம் நான் சொல்லவில்லை.)

ஒலிமேசை

நடுநிசி நேயரின் இளையராஜா கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லாததால் எழுதுகிறேன். மேலைக் கூட்டாளி இல்லாததைவிட, அவருடைய பெரும்பணி நிகழ்ந்த இடமும் காலமும்தான் காரணம். எண்பதுகளில் தமிழ்த் திரைப்பாடல்கள் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் இங்கே வெளியாயின. அமெரிக்காவில் அவற்றை முறைப்படி வெளியிடவோ, கிராமிக்கு அனுப்பவோ இங்குள்ள எந்த நிறுவனத்துக்கும் வணிகத் தேவை இருக்கவில்லை. ‘ஜெய் ஹோ’ போட்டிக்குப் போனதற்குக் காரணம், அந்தத் திரைப்படம் அங்கே வெளியாகி, அதன் பாடல் தொகுப்பும் அங்கே ஒரு நிறுவனத்தால் விற்கப்பட்டது. தகுதியை ஒப்பிட்டு ஒருவரை ஒதுக்கினார்கள் என்று நினைப்பதற்கு அங்கே ஒப்பிடும் நிகழ்வே நடக்கவில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அதன் ஒலிப்பதிவைக் கிராமிக்கு அனுப்புவதானால், உலகளாவிய இசைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய தேவை இல்லை. சமகாலச் செவ்வியல் படைப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அது இசையமைத்தவருக்கு உரிய விருது. இசைக்குழுவின் வாசிப்புக்கு வேறொரு பிரிவும் உண்டு. அங்கே போட்டி கடுமையானது, வாக்களிப்பவர்கள் செவ்வியல் துறைக்காரர்கள், நம் பெயர்களோடு அவர்களுக்குப் பழக்கம் குறைவு. வெல்லுமா என்பதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் உரிய இடத்தில் போய் நிற்பதற்கு வழி இருக்கிறது.

தனி ஆல்பம் செய்துவைத்திருக்கும் இளைய கலைஞர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 68ஆவது விழாவுக்கான காலம் 2024 ஆகஸ்ட் 31இல் தொடங்கி, 2025 ஆகஸ்ட் 30இல் முடிந்தது. உறுப்பினராகத் துறையைச் சேர்ந்த இருவரின் பரிந்துரை வேண்டும். உறுப்பினர் ஆகாவிட்டாலும் பதிவுசெய்த நிறுவனம் வழியாக அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் பங்களிப்பாளர் பட்டியலைச் சரியாக நிரப்புங்கள். யார் எந்தத் தடத்தில் எத்தனை நிமிடம் வாசித்தார், யார் பதிந்தார், யார் கலந்தார் என்பதை அங்கே கேட்பார்கள். என்னிடம் வரும் பத்து ஆல்பங்களில் ஏழெட்டில் கடக் கலைஞரின் முழுப்பெயரைத் தயாரிப்பாளரிடம் கேட்டால், ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்கிறார்.